கூடத்துச் சுவரில் ஒரு காவிக்கோடு

எங்கள் வீட்டில் சுவரில் ஆணி அடிப்பதென்றால் என்னைக் கேட்காமல் யாரும் சுத்தியலைத் தொடக்கூடாது. ஒரு காலண்டர் மாட்டுவதற்குக்கூட என் கணவர் என்னிடம் வந்து நிற்க வேண்டும். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலே கூடாது, நேர் கீழே கூடாது, அதே மட்டத்தில் பக்கத்திலும் கூடாது என்று நான் விரலால் காற்றில் கோடு இழுத்துக் காட்டுவேன். ஒரு ஆணிக்கு இத்தனை சடங்கா என்று அவர் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். எட்டு வயதில் நான் செய்த ஒரு காரியத்தை முழுசாகச் சொன்னால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். ஆனால் கூடவே என் யோக்கியதையும் வெளியே வந்துவிடும் என்பதால் அவரிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். ஏரித் தண்ணீரை நம்பி நெல் வைக்கிற குடும்பம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் நைனா ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் தளம் போட்ட வீடு கட்டினார். பழைய வீட்டில் மின்சார வயர் சுவருக்கு வெளியே, மரச்சட்டத்தின் மேல் ஓடும். எது எங்கிருந்து எங்கே போகிறது என்று பாயில் படுத்தபடியே பார்த்துவிடலாம். புது வீட்டில் வயரே கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் சுவருக்குள்ளே பைப்பில் போகும் என்று நைனா டீக்கடையில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். எங்கள் தெருவில் அப்படி அமைந்த முதல் வீடு அது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வருகிறவர்களுக்கு எப்படிக் காட்டிப் பெருமைப்படுவது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கஷ்டம்.

வயரிங் வேலையை மாமாவிடம் கொடுத்தார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பழையசீவரத்திலிருந்து தினமும் பைக்கில் வந்துபோவார். காஞ்சிபுரத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவர், பெரிய பெரிய கல்யாண மண்டபங்களுக்கெல்லாம் வயர் இழுத்தவர். ஆனால் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டால் அவர் வெறும் மச்சான்தான். மச்சானிடம் வேலை வாங்குவதில் நைனாவுக்கு ஒரு தனி முறை இருந்தது. முதலில், "உனுக்குத் தெரியாததா மச்சான்" என்பார். அப்புறம் மாமா சொன்னதற்கு நேர்மாறாகச் செய்யச் சொல்வார்.

மாமா வேலை செய்வதை நான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். தளத்திலிருந்து பைப் எட்டிப் பார்க்கும் இடத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். நூல் ஆடி நின்றதும் அதன் வழியாகவே செங்கல் சுவரில் உளியால் பள்ளமாக வெட்டிக்கொண்டு இறங்குவார். பைப் அதற்குள் முழுசாக உட்கார வேண்டும், அதன் மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பூச்சு வரவேண்டும். மேலிருந்து நேராகக் கீழே, இல்லையென்றால் நேராகப் பக்கவாட்டில். சுவருக்குள் வயர் போவதற்கு இந்த இரண்டு வழிகளைத் தவிர மூன்றாவது வழி அவருக்குக் கிடையாது.

மூன்றாவது வழியைக் கொண்டுவந்தவர் பெரியப்பா. நைனாவின் அண்ணனான அவர் புள்ளலூரில் இருந்தார். வாரம் ஒருமுறை வேலை நடக்கும் இடத்துக்கு வந்துபோவார். வந்த இடத்தில் ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் திரும்பினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சுவர்ப் பூச்சு தொடங்குவதற்கு முந்தின நாள் வந்தவர், கூடத்தின் கிழக்குச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாமி மாடம் இங்கேதான் வரவேண்டும் என்றார். அவர் கை காட்டிய இடத்தில் மாமா ஏற்கெனவே பைப் இறக்கி, சுவிட்சுப் பெட்டியும் பதித்திருந்தார். பெட்டியை நாலடி தள்ளி வைக்கச் சொன்னார் பெரியப்பா.

"சாமி தலைக்கு மேல கரண்டு ஓடக்கூடாது. அவ்ளோதான்."

மாமா மறுக்கவில்லை. அக்கா வீட்டுக்காரரான நைனாவும் அவருடைய அண்ணனும் அவருக்கு மாமா முறை. "நவுத்திடலாம் பெரிய மாமா. தளத்த ஒட்னாப்புல பைப்ப பக்கத்துல கொண்டுபோயி, அங்கேருந்து நேரா பெட்டிக்கு எறக்கிடறேன். ஒரு நாளு மட்டும் குடுங்க" என்றார்.

அந்த ஒரு நாள்தான் எங்களிடம் இல்லை. மறுநாள் காலையில் பூச்சு ஆட்கள் வருகிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. நைனா பொறுமை இழந்தார்.

"ஒரு நாளா? குறுக்கால இயுத்து உட்டுட்டுப் போவியா. சுவத்துக்குள்ள போறது யாருக்குத் தெரியப்போது?"

"அதான் மாமா பேஜாரு. யாருக்கும் தெரியாது. நாளிக்கு ஆணி அடிக்கிறவனுக்கும் தெரியாது" என்றார் மாமா.

இருந்தாலும் மாமா கடைசியில் உளியை எடுத்தார். அக்கா வீட்டில் எந்த இடத்தில் வாதம் செய்வது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்று ஒரு கணக்கு உண்டல்லவா, அந்தக் கணக்கில் எடுத்தார். மேல் இடது மூலையிலிருந்து வலப்பக்கப் பெட்டி வரைக்கும் பைப் சுவரின் குறுக்கே சாய்ந்து இறங்கியது. வெட்டி முடித்தபிறகு அவர் அதைப் பார்த்த பார்வையில் மகிழ்ச்சியே இல்லை.

ஆனால் வேறொரு விஷயத்தில் மாமா நைனாவுக்கு வளைந்துகொடுக்கவில்லை. மீட்டர் பக்கத்தில் மெயின் பெட்டியில் 'ட்ரிப்பர்' என்று ஒன்றை மாட்டியிருந்தார். மின்சாரம் போகக்கூடாத வழியில் ஒரு துளி கசிந்தாலும் அது டப்பென்று விழுந்து வீடு முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிடும். வேலை நடந்த நாட்களில் தரையைத் தேய்க்கும் மெஷினுக்கு ஒருமுறை விழுந்தது, ஈரத்தில் கிடந்த மோட்டார் வயருக்கு இரண்டு முறை விழுந்தது. நைனா அதற்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர் வைத்தார். அதைக் கழற்றிவிட்டு நேராக இணைப்புக் கொடு என்று தினமும் சொன்னார். மாமா தினமும் சரி சரி என்றார். கழற்றவில்லை.

பூச்சு முடிந்து சுவரெல்லாம் வெள்ளை அடித்தார்கள். பெயின்ட் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். குறுக்கே போன பைப் அந்த வெள்ளைக்கு அடியில் இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோயிற்று. மாமா தன்னிடமிருந்த அளவுகளை வைத்துக்கொண்டு, கொத்தனார்கள் செய்வதுபோல ஒரு நூலைக் காவிப்பொடியில் தோய்த்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டார். சுவரில் மூலையிலிருந்து பெட்டி வரைக்கும் சிவப்பாக ஒரே ஒரு கோடு விழுந்தது. பிறகு எங்கள் எல்லோரையும் அதன் முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்.

"கோட்டுக்கு இந்தாண்ட ஒரு சாணு, அந்தாண்ட ஒரு சாணு, ஆணின்ற பேச்சே இருக்கக்கூடாது. உள்ள கரண்டு கீது. ஆணி போயி வயரத் தொட்டுச்சின்னா புடிச்சிக்கினு கீறவன் ஆளு காலி. வெளையாட்டு இல்ல."

அப்போது என் தம்பிக்கு ஐந்து வயது. மாமா சொன்னதில் அவனுக்குப் பிடித்தது 'ஆளு காலி' மட்டும். இரண்டு நாளைக்குப் பல்லியைப் பார்த்தாலும், பக்கத்து வீட்டுக் கோழியைப் பார்த்தாலும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

எனக்கு அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. காரணம் இருந்தது. அந்த வருஷம் ஒன்றிய அளவில் நடந்த கையெழுத்துப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்திருந்தது. சான்றிதழை நைனா உத்திரமேரூருக்கு எடுத்துப்போய்க் கண்ணாடி போட்டு, ஓரத்தில் தங்க நிறப் பட்டையெல்லாம் வைத்துக் கொண்டுவந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் கண்ணாடிக்குள் போன முதல் பெயர் என்னுடையதுதான், அதுவும் உயிரோடு இருக்கும்போதே. வாசலில் நுழைகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது கிழக்குச் சுவரின் நடுப்பகுதி. என் சான்றிதழ் அங்கேதான் மாட்டப்பட வேண்டும் என்று நான் கடைக்கால் தோண்டும்போதே முடிவுசெய்துவிட்டேன். மாமாவின் கோடு சரியாக அந்த இடத்தின் மேல்தான் போனது.

இங்கே என் எட்டு வயது மூளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தெருவில் பாண்டி ஆடும்போது கோட்டை எங்கே போடுகிறோமோ அங்கேதான் கட்டம். ஒரு அடி தள்ளிப் போட்டால் கட்டமும் ஒரு அடி தள்ளிப் போய்விடும். அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று என் கண்ணால் பார்த்திருந்தும், வெள்ளை அடித்து மூடிய பிறகு எனக்கு மிஞ்சியது அந்தக் கோடு மட்டும்தான். கோடு இருக்கும் இடத்தில் ஆபத்து இருக்கிறது. கோட்டை நகர்த்தினால் ஆபத்தும் நகர்ந்துவிடும். இதில் பொய்யோ திருட்டோ இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்கள் பார்த்தால் திட்டுவார்கள் என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

கிரகப்பிரவேசத்துக்கு மூன்று நாள் முன்னால் ஒரு மத்தியானம். அம்மாவும் நைனாவும் தாமலில் இருந்த உறவுக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தார்கள். மாமா மாடியில் ஏதோ வேலையாக இருந்தார். நான் காலியான சுண்ணாம்பு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தேன். காவி எளிதாக வந்துவிட்டது. மிச்சமிருந்த செம்மையின் மேல் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைத் தேய்த்தேன். பிறகு மாமாவின் நூலைக் காவியில் தோய்த்து, தம்பியை அதன் ஒரு முனையைப் பெட்டியோரம் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை நான் சுவரின் நடுப்பகுதிக்குக் கீழே இழுத்துப் பிடித்துச் சுண்டினேன். கோடு விழுந்தது. கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கியவள் போட்ட கோடு, நேராகத்தான் இருந்தது. ஒரு சங்கடம் மட்டும். டிரம் மேல் நின்றும் என் கை எட்டியது முக்கால் சுவர்வரைதான். அதற்கு மேலே மாமாவின் பழைய கோடு மூலை வரைக்கும் அப்படியே இருந்தது. வேறு வழியில்லாமல் அதன் அடியிலிருந்து செங்குத்தாக ஒரு கோட்டை இறக்கி என் கோட்டோடு சேர்த்துவிட்டேன். மாமாவின் கோடு மேலே இருந்து வந்து, ஓரிடத்தில் முறிந்து, கீழே இறங்கி, அப்புறம் பெட்டிக்குப் போனது. சுவரின் நடுப்பகுதி வெறிச்சென்று சுத்தமாக இருந்தது.

தம்பிக்கு ஒரு முழு தேன்மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மூன்று நாளும் மாமா வாசலில் சீரியல் பல்பு கட்டுவது, பந்தலுக்கு ட்யூப்லைட் கொடுப்பது என்று வெளியிலேயே இருந்தார். கூடத்தில் பாத்திரங்களும் அரிசி மூட்டையும் வாழைக்குலையும் வந்து சேர்ந்தன. அந்தச் சுவரை நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

கிரகப்பிரவேசம் நல்லபடியாகவே தொடங்கியது. விடியற்காலையில் பசுவையும் கன்றையும் கூடத்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பசு தன் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போயிற்று. ஓமம் முடிந்து, பால் பொங்கி, எல்லோரும் நாஷ்டாவை முடித்தபோது மணி ஒன்பது. வருகிறவர்களின் கால் தடத்தையும் சிந்திய பாலையும் பார்த்துப் பொறுக்காமல் அம்மா கூடத்தை இரண்டாவது முறையாகக் கழுவிவிட்டார். தரை ஈரமாகவே கிடந்தது.

எங்கள் பக்கத்தில் கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் சுவர்க்கடிகாரம் கொண்டுவருவார்கள், இல்லையென்றால் சாமி படம். அன்றைக்கு ஐந்து கடிகாரமும் மூன்று படமும் வந்திருந்தன. கொடுத்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்புமுன் ஒருமுறை சுவரைப் பார்ப்பார்கள். தங்களுடையது மாட்டியிருக்கிறதா, எங்கே மாட்டியிருக்கிறது, பக்கத்தில் யாருடையது இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு முக்கியம். பெரியப்பாவின் கடிகாரம்தான் எல்லாவற்றிலும் பெரியது. மணிக்கொருதரம் பாட்டுப் பாடும். அவர் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு, "மாட்டு மாட்டு, நான் பாத்துட்டுப் போறேன்" என்று நைனாவை நெருக்கிக்கொண்டிருந்தார். நைனா சுத்தியலும் நீளமான கான்கிரீட் ஆணியுமாகக் கிழக்குச் சுவருக்கு வந்தார்.

நான் என் சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். நைனா என்னைப் பார்த்தார், பெரியப்பாவின் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மொதல் ஆணி எம்பொண்ணுக்குத்தான். கடியாரம்லாம் அப்பால" என்றார்.

ஐம்பது பேர் நடுவில் அப்படிச் சொன்னார். அந்த நிமிஷம் எனக்கிருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தப் பரிசுக்கும் வந்ததில்லை.

நைனா ஆணியைச் சுவரில் வைப்பதற்கு முன்னால் செய்த காரியம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. மாமா சொன்ன எதையும் ஒரு தடவையில் ஏற்றுக்கொள்ளாத அந்த மனிதர், கோட்டின் மேல் கட்டைவிரலை ஊன்றி, சுண்டுவிரலை நீட்டி ஒரு சாண் அளந்தார். போதாதென்று அதற்கு மேலே இன்னொரு சாணும் அளந்தார். நான் போட்ட கோட்டிலிருந்து இரண்டு சாண். மாமாவின் சொல்லை எழுத்துக்கு எழுத்து மதித்து, பைப் ஓடிய இடத்திலேயே ஆணியை வைத்தார். எனக்குத் துளி பயமில்லை. கோடு கீழே இருந்தது, ஆணி மேலே இருந்தது.

மூன்றாவது அடியில், ஆணியைப் பிடித்திருந்த நைனாவின் கை பின்னால் தூக்கி எறியப்பட்டது. சுத்தியல் தரையில் விழுந்து சத்தம் எழுப்பியது. அதே நொடியில் மின்விசிறிகள் வேகம் குறைந்தன, பந்தலில் ஓடிய பாட்டு பாதி வரியில் நின்றது. நைனா ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

யாரும் அவரைக் கவனிக்கவில்லை. "கரண்டு போச்சுபா" என்று நாலைந்து குரல் அலுப்போடு எழுந்தது. எங்கள் ஊரில் அது ஒரு செய்தியே இல்லை. யாரோ வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, "எதுத்த வூட்டுல கிரைண்டரு ஓடிக்கினு கீதே" என்றார்கள். அதற்குப் பிறகுதான் தலைகள் திரும்பின. நைனா தன் இடது கையை இன்னொருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. என் பக்கத்தில் நின்ற தம்பி மெதுவாக, "ஆளு காலி" என்றான்.

கோடுதான் நகர்ந்தது, உள்ளே இருந்தது நகரவில்லை என்பது அந்த இரண்டு வார்த்தையில் எனக்குப் புரிந்துவிட்டது. நைனாவைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அவர் உட்கார்ந்திருக்கிறார், கண் திறந்திருக்கிறது, ஆனாலும் நினைத்தேன். அப்போது நைனா கையை உதறிக்கொண்டு, சுவரைப் பிடிக்கப் பயந்து ஒரு தூணைப் பிடித்து எழுந்து நின்றார். எழுந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை மாமாவின் பெயர். அதோடு ஒரு கெட்ட வார்த்தையும் சேர்ந்து வந்தது. அந்தக் கெட்ட வார்த்தையைக் கேட்டு அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டதுபோல் யாரும் பட்டிருக்க மாட்டார்கள்.

மாமா பந்தலிலிருந்து ஓடிவந்தார். முதலில் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தார். தொட்டாச்சிணுங்கி விழுந்து கிடந்தது. அதைத் தூக்கிவிடாமல், பக்கத்தில் இருந்த மெயின் சுவிட்சையும் நிறுத்திவிட்டுக் கூடத்துக்குள் வந்தார். சுவரில் பாதி இறங்கிய ஆணியைப் பார்த்தார். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்ற நைனாவைப் பார்த்தார். நேராகப் போய் அவருடைய இடது கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒவ்வொரு விரலாக மடக்கி விரித்தார், மார்பில் கை வைத்துப் பார்த்தார். அவர் முகம் அழுகிற முகமா சிரிக்கிற முகமா என்று தெரியவில்லை.

நைனாவுக்கோ மானம் போய்க்கொண்டிருந்தது. பெரியப்பா, புது வீட்டில் முதல் நாளே விளக்கு அணைவது நல்லதில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அது போதாதா? "ஒயுங்கா ஒரு கோடு போடத் தெரில, நீ இன்னாடா வயர்மேனு! நீ சொன்ன மாரி ரெண்டு சாணு வுட்டுத்தான்டா அடிச்சேன்!" என்று தொடங்கிய நைனா, மாமா சின்ன வயதில் சைக்கிள் தொலைத்ததுவரைக்கும் போனார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நடுவில் நின்றார்.

மாமா அப்போதுதான் கோட்டைப் பார்த்தார். மேலே அவர் போட்ட துண்டு, அது முறிந்த இடம், கீழே இறங்கிய என் கோடு. முறிந்த இடத்துக்கு நேர் கீழே தரையில் டிரம் நின்ற வட்டமான தடம்கூட மிச்சம் இருந்தது. அவர் கண் அங்கிருந்து சான்றிதழுக்கு வந்தது. சான்றிதழுக்குப் பின்னால் நான் இருந்தேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமா மாமா. எந்தப்புதான்" என்றார் மாமா. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மேலே இருந்ததையும் கீழே இருந்ததையும் சேர்த்துச் சுவரில் ஒரு சிவப்புப் பொடி இல்லாமல் துடைத்து எடுத்தார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. நைனா இருக்கிறார். நான் மாட்டிக்கொள்ளவில்லை. தடயமும் துண்டோடு போய்விட்டது. மாமா அந்தச் சுவருக்குப் போகும் வயரை மட்டும் பெட்டியில் கழற்றிவிட்டு மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தார். விசிறி ஓடியது, நின்ற வரியை விட்டுவிட்டுப் பாட்டு புதிதாக வேறொன்று தொடங்கியது. பெரியப்பாவின் கடிகாரத்தை மாமா கைகாட்டிய இன்னொரு சுவரில் மாட்டினார்கள். அது பத்து மணிக்குப் பாடியதும் பெரியப்பாவுக்குச் சகுனமெல்லாம் சரியாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டில் நான் இரண்டு முறை பாயசம் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மாமா கிழக்குச் சுவரை வெட்டித் திறந்தார். ஆணி பைப்பைத் துளைத்து, வயரின் மேல்தோலைக் கிழித்திருந்தது. புதுப் பைப்பைத் தளத்தை ஒட்டி நேராகப் பக்கவாட்டில் கொண்டுபோய், அங்கிருந்து தூக்குக்குண்டு விட்டு நேராகப் பெட்டிக்கு இறக்கினார். ஒரு நாள்தான் ஆயிற்று. நைனா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், நேர்மாறாக எதையும் செய்யச் சொல்லவில்லை. அதற்கப்புறம் தொட்டாச்சிணுங்கியைக் கழற்று என்றும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. என் சான்றிதழைச் சுவரின் நடுவில் மாட்டியவர் மாமாதான். இந்தத் தடவை கோடு எதுவும் போடவில்லை.

மாமா எனக்காகப் பொய் சொன்னார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நன்றியை மனசுக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு, கல்யாணமாகி முதல் பொங்கலுக்குப் போனபோது அவரிடம் சொன்னேன். மாமா விழித்தார்.

"இன்னா பொய்யி? குறுக்கால உடக்கூடாதுன்னு தெரிஞ்சே உட்டவன் நான். ஒரு கோட்ட நம்பி உட்டேன். நீ அழிக்கலன்னா, பெயின்ட் அடிக்கிறவன் அடுத்த மாசம் அழிச்சிருப்பான். எந்தப்பு இல்லாம யார் தப்பு?"

அப்படியானால் துண்டால் துடைத்தது எதற்கு என்று கேட்டேன். தப்பான கோடு சுவரில் இருப்பதைவிட ஒன்றுமே இல்லாமல் இருப்பது மேல் என்றார். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு அப்போது வரவில்லையாம். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அதைக் கேட்ட பிறகு அன்றைய கூடத்தில் நான் பார்த்தும் விளங்கிக்கொள்ளாத ஒன்று திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. ஐம்பது பேர் முன்னால் நைனா மாமாவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருக்கிறார். மாமா நைனாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நைனா மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தியபோது, மாமா அவர் முகத்தைப் பார்த்து, "இன்னும் சொல்லுங்க மாமா" என்றார். நக்கல் செய்கிறான் என்று நைனாவுக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று. மாமாவுக்கு இவ்வளவு திமிரா என்று நானும் நினைத்தேன். நைனாவின் குரல் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் மாமாவுக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை என்று எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.